வைப்பருக்கு அடியில் வைத்த பூ

போன மாதம் ஒரு வியாழன் பின்னேரம் டென்மார்க்கின் வடக்கே ஓல்போர்க்கிலிருந்து போன் வந்தது. என் மனைவி வசந்தியின் அக்கா அங்கே ஆஸ்பத்திரியில் இருந்தார். "பாக்கிறதெண்டா கெதியா வாங்கோ," என்றார் அக்காவின் கணவர்.

நாங்கள் இருக்கும் புரொண்பியிலிருந்து கடல்பாலம் கடந்து, யூலண்டின் வடக்குவரை... நீண்ட ஓட்டம். போய்விட்டு வருவதில் என்ன பிரச்சினை என்கிறீர்களா? வெயில்!

டென்மார்க்கில் வெயிலா என்று சிரிக்கலாம். நானும் சிரித்தவன்தான். ஆனால் வசந்திக்கு நரம்பு நோய் - இங்கே ஸ்க்லெரோஸ் என்பார்கள். உடம்பு சூடேறினால் கால் மட்டுமல்ல, கையும் பேச்சும் தளர்ந்துவிடும். அக்காவின் முன்னால் போய்ப் பேச முடியாமல் இருக்கவா அவ்வளவு தூரம் போவது?

அவளுடைய மின்சார நாற்காலியை ஏற்றக்கூடியது எங்கள் பழைய பிக்கப் ஒன்றுதான். அதன் ஏசியோ இரண்டு கோடையாகச் சத்தம் மட்டும் போட்டது. முன்பே கராஜில் காட்டியிருந்தேன். காஸ் இருக்கிறது, கம்பிரசர் வேலை செய்கிறது, வண்டி பழசு என்றார்கள். ஒரு வயதுக்குப் பிறகு டாக்டர்மார் நமக்குச் சொல்வதும் இதைத்தானே?

மறுநாள் காலை நானே வேலையில் இறங்கினேன். வசந்தி நாற்காலியை வண்டிக் கதவோடு ஒட்டி நிறுத்தி, போனில் வீடியோ பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சீட்டுக்கு முன்னுக்கு இருக்கிற சின்னப் பெட்டியைக் கழட்டட்டாம். அதுக்குப் பின்னால காத்து ஃபில்டர் இருக்காம்."

இருந்தது. இழுத்தேன், வரவில்லை. பலமாக இழுத்ததும் ஃபில்டரோடு கறுத்துக் காய்ந்த குப்பை ஒன்று என் மடியில் கொட்டியது. இலை என்று நினைத்தேன். வசந்தி ஒரு துண்டை எடுத்து விரலால் பிரித்துப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ... இது நான் தந்த பூவெல்லே?"

ஓம். அவள் தந்த பூதான்.

வெள்ளிக்கிழமைகளில் சாமிக்கு வைத்த பூவில் ஒன்றை என்னிடம் தருவாள், வண்டிக்கு முன்னால் வைக்கச் சொல்லி. நோய் வந்த பிறகும் அது நிற்கவில்லை. பறந்துபோகாமல் இருக்கட்டும் என்று நான் வைப்பருக்கு அடியில் செருகுவேன். அங்கேதான் காற்று உள்ளே போகும் துளைகள் இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? நல்லது என்று செய்கிற ஒன்று எங்கே போய் அடைத்துக்கொள்கிறது என்று நாம் திறந்தா பார்க்கிறோம்?

"உங்களுக்கு ஒண்டும் நடக்கக்கூடாதெண்டு வைச்சது," என்றாள். "எனக்கு வெக்கையாய் வந்து நிக்குது."

"எனக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே," என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "அது சரி," என்றாள்.

துளைகளைத் துப்புரவாக்கி, புது ஃபில்டர் வாங்கிப் போட்டேன். முன்பக்கத்து ஏசி ரேடியேட்டரில் படிந்திருந்த தூசியைத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். கதவுகளைத் திறந்துவைத்துச் சூட்டை வெளியேற்றிவிட்டுக் கிளம்பினோம். உள்ளே குளிர்ந்த காற்றையே திரும்பச் சுற்றவிடும் பொத்தானையும் அழுத்தினேன். பாலம் வருவதற்குள் வண்டி குளிர்ந்துவிட்டது. வசந்தி காற்று வரும் இடத்தில் கையை வைத்தவள், வழிநெடுக எடுக்கவே இல்லை.

அக்கா கண்மூடிப் படுத்திருந்தார். வசந்தி அவர் கையைப் பிடித்தாள். கண் திறந்தது.

"என்னடி, கை இப்பிடிக் குளிருது?"

"ஏசியக்கா. எங்கட பிக்கப்பில."

"நல்லது," என்றார் அக்கா.

அதன் பிறகு வசந்திதான் கதைத்தாள். சொல் குழறாமல், இரவாகும்வரை கதைத்தாள். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை போய்விட்டார்.

சாவுத் துடக்குக் கழிந்து, போன வெள்ளி வசந்தி மறுபடியும் ஒரு பூத் தந்தாள். பழக்கதோஷம்... என் கை வைப்பர் பக்கம் போனது.

"அங்கை வேண்டாம்," என்றாள். "உள்ளுக்கு வையுங்கோ. காத்து வரட்டும்."