பட்டியலில் இல்லாத போர்வை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. கடையிலும் தெருவிலும் அவள் மினுக்கி. வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பட்டம்போல வாங்கிக்கொண்டாள். "மினுக்காம மூலையில கிடந்தா, உங்கள்ல ஒருத்தராவது என்னைத் திரும்பிப் பாப்பீங்களா?" என்று கேட்பாள். 

நகரத்தின் பெரிய கடை ஒன்றில், வாசலை ஒட்டிய முதல் கவுண்டர் அவளுடையது. பவுடர், லிப்ஸ்டிக், நெயில் பாலிஷ், முடிக்குப் போடும் மை, வாசனைக் குப்பிகள். கேட்ட நிறத்தை எடுத்து இடது புறங்கையில் ஒரு கோடு இழுத்து, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுவாள். சாயங்காலத்துக்குள் அந்தக் கை பெயின்டர் துடைத்துப்போட்ட துணிபோல ஆகிவிடும். முகத்தில் மட்டும் ஒரு கோடு பிசகி இருக்காது. அந்தக் கவுண்டருக்கு முதலாளி விளம்பரப் பலகையே வைக்கவில்லை. அவள் நின்றால் போதும். தவிர, வாங்கிய சம்பளத்தில் பாதியை அதே கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிற ஊழியர்மேல் எந்த முதலாளிக்குத்தான் மதிப்பு வராது?

அவளுக்கு ஒரு தம்பி. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டபின் அவள்தான் வளர்த்தாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "ஒரு ஆம்பளைக்குச் சோறு போட்டே கை ஓஞ்சு போச்சு" என்பாள். தம்பி படித்து, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆனான். அவனிடம் இரண்டு சட்டைகள் இருந்தன. ஒன்று கொடியில், ஒன்று உடம்பில். பேனா மை தீர்ந்தால்கூடக் குலுக்கிக் குலுக்கி நாலு நாள் ஓட்டுவான். செலவு செய்யத் தெரியாததை அவன் எளிமை என்றான், செலவு செய்யாமல் இருக்கத் தெரியாததை அவள் ரசனை என்றாள். அந்த இரண்டு அறை வீட்டில் இருவருக்கும் பொதுவாக இருந்தது பிடிவாதம் மட்டும்தான்.

துறைமுகத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் ஒரு வருஷம் துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்களில் ஒருவர் அவன் வகுப்பு மாணவியின் அப்பா. அடுத்த மாதமே, பாதுகாப்புச் செலவு கூடிவிட்டதென்று சொல்லி, கடையில் விற்கும் எல்லாப் பொருளுக்கும் வரியை ஏற்றினார்கள். கணக்கு வாத்தியாருக்கு அந்தக் கூட்டல் நன்றாகவே புரிந்தது. ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினான். சுட்ட தோட்டாவுக்கு நாம்தான் பணம் கொடுத்தோம், இனி கொடுக்க வேண்டாம். அரிசி, உப்பு, மருந்து, இந்த மூன்றைத் தவிர எதையும் வாங்காதீர்கள். அவ்வளவுதான் அதில் இருந்தது. கல்லெறியச் சொல்லவில்லை, கொடி பிடிக்கச் சொல்லவில்லை. சும்மா இருக்கச் சொன்னான். சும்மா இருப்பது ஊருக்கு எப்போதுமே பிடித்த வேலை என்பதால் பிரசுரம் பற்றிக்கொண்டது.

கடைகள் ஈயோட்டின. மினுக்கியின் கவுண்டருக்கு முன்னால் தூசிதான் வாடிக்கையாளர்.

"உன் தம்பி என் வயித்துல அடிக்கிறானேம்மா" என்று முதலாளி புலம்பினார்.

"என் வயித்துலயும்தான் சார் அடிக்கிறான். வீட்டுல டீத்தூள் வாங்க விடமாட்டேங்கிறான்."

உண்மையில் அவள் ஒன்றையும் விட்டுவிடவில்லை. தம்பி பள்ளிக்கூடம் போனதும் டீக்கடைக்குப் போய்விட்டுத்தான் வேலைக்குப் போவாள். ஒருநாள் காலையில், கண்ணாடி முன் நின்று பவுடர் போட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்து அவன் சொன்னான்:

"அக்கா, நீ மூஞ்சிக்குப் போடுற பவுடர்ல பாதி துப்பாக்கிக்குப் போகுது. தெரியுமா?"

"மீதிப் பாதியாவது எனக்கு மிஞ்சுதேடா. அதுல ஏன் கண்ணு வைக்கிற?"

அவன் சிரித்துவிட்டான். "நீ ஒருத்தி போதும் அக்கா, அரசாங்கம் நூறு வருஷம் ஓடும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். மத்தியானம், வகுப்பு நடக்கும்போதே வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாங்காமல் இருப்பது குற்றமில்லையாம், வாங்காதே என்று அடுத்தவரிடம் சொல்வதுதான் குற்றமாம். இரண்டு வருஷம் சிறை போட்டார்கள்.

ஊர் கொஞ்ச நாள் கோபமாக இருந்தது. அப்புறம் கடைகளில் பாதி விலைத் தள்ளுபடி போட்டார்கள். கோபம் போன இடம் தெரியவில்லை.

ஊர் விட்ட இடத்தில் மினுக்கி தொடங்கினாள். தீர்ப்பு வந்த மறுநாள் முகத்தைக் கழுவித் துடைத்ததோடு சரி, அப்படியே கடைக்கு வந்து நின்றாள். வழக்கமாக வரும் அம்மாள் ஒருத்தி அவளிடமே, "இங்க ஒருத்தங்க இருப்பாங்களே, லீவா?" என்று கேட்டாள். டீ நின்றது. பஸ் அரசாங்கத்தினுடையது என்பதால் அதுவும் நின்றது. நடந்தே வந்தாள், நடந்தே போனாள். முடிக்கு மை போடாததால் வகிட்டிலிருந்து வெள்ளை ஒரு பாதைபோல இறங்கியது. முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, வீட்டுல துக்கம், எனக்குப் புரியுது. ஆனா கவுண்டர்ல நிக்கிற மூஞ்சியா இது? பாக்கிறவங்க பயந்துக்கிறாங்க."

"அவங்க பவுடர் வாங்க வந்தவங்கதானே சார்? பயந்தா இன்னும் ரெண்டு டப்பா சேத்து வாங்குவாங்க."

அவர் சிரிக்கவில்லை. பின்னால் கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலைக்கு அவளை மாற்றினார். வரி கட்டமாட்டேன் என்பவள் வரி போட்ட சரக்கைத்தான் நாளெல்லாம் பொட்டலம் கட்டினாள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அரிசிக்கும் உப்புக்கும் சம்பளம் வேண்டுமே.

சிறை ஊருக்கு வெளியே. முதல் முறை பார்க்க அனுமதி கிடைத்தபோது விடியலில் கிளம்பி நடந்தாள். கால் கொப்புளித்தது, மனசு மட்டும் துள்ளியது. அவன் என்ன சொல்வான் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். 'கடைசியில என் பேச்சைக் கேட்டுட்டியே அக்கா' என்பான். 'உன் பேச்சை யாருடா கேட்டா, பவுடர் அலர்ஜியாப் போச்சு' என்று திருப்பிச் சொல்ல வேண்டும்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவன் இவளைத் தாண்டி வேறு யாரையோ தேடினான். அவள் கையை ஆட்டியபின்தான் பார்வை திரும்பியது.

"என்ன அக்கா இது? மூஞ்சிய எங்க வச்சிட்டு வந்த?"

"எல்லாத்தையும் விட்டுட்டேன்டா. டீகூட இல்ல. நடந்துதான் வந்தேன்."

அவன் வலையோடு முகத்தை ஒட்டி அவளை மேலும் கீழும் பார்த்தான். இரண்டு பக்கமும் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு, "பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. நீ பழையபடியே இருந்திருக்கலாம்" என்றான். அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை தூரம் நடந்தது இதைக் கேட்பதற்கா?

அந்த நேரம் பார்த்து அவன் கேட்டான். வெளியிலிருந்து எதையும் உள்ளே விடமாட்டார்கள். சோப்பானாலும் துண்டானாலும் சிறை வாசலில் இருக்கும் அரசாங்கக் கடையில் பணம் கட்டித்தான் வாங்க வேண்டும், அவர்களே உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

"ராத்திரியில தரை ரொம்பச் சில்லுனு இருக்கு அக்கா. அந்தக் கடையில போர்வை இருக்கு. ஒண்ணு மட்டும் வாங்கிக் குடுத்துட்டுப் போறியா?"

"போர்வை எதுல வருது, வாத்தியாரே? அரிசியிலயா, உப்புலயா, மருந்துலயா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். கொஞ்சம் வலிக்கட்டும் என்றும்தான் சொன்னாள். இரண்டும் ஒரே நேரத்தில் முடியும், அக்கா தம்பிக்குள். வீட்டில் என்றால் அவன் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பான், அவள் முறைத்துக்கொண்டே எழுந்துபோய்ப் போர்வையை எடுத்துப் போட்டிருப்பாள். இங்கே நடுவில் கம்பி வலை இருந்தது. அவன் முகம் வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்டு மாட்டிக்கொண்டவன் முகம்போல ஆனது.

"சரிதான். நான் எழுதினதுதானே" என்றான். மணி அடித்துவிட்டது.

அடுத்த முறை அவன் கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. அவளாகத் தருவாள் என்று அவனும் காத்திருந்தானோ என்னவோ. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டான், தெருக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டான், போர்வை என்ற சொல்லை மட்டும் இருவரும் சுற்றிக்கொண்டு போனார்கள். பேச்சின் நடுவே இருமினான்.

"என்னடா இருமல்?"

"ஒண்ணுமில்ல, சளி."

அவள் நேரே வாசல் கடைக்குப் போய் இருமல் மருந்துக்குப் பணம் கட்டினாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மருந்துதான் பட்டியலில் இருக்கிறதே. மறுமுறை இருமல் அதிகமாக இருந்தது. பெரிய குப்பியாகப் பார்த்து வாங்கினாள். அவனும் மறுக்காமல் குடித்தான். மருந்துக் குப்பிகளுக்குப் பின்னால், அதே அலமாரியில், சாம்பல் நிறப் போர்வைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு முறையும் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் மருந்தை வாங்கிவந்தாள்.

வாடைக் காற்று தொடங்கிய வாரம், கிடங்கில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய விரல்கள் விறைத்தன. நூலைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவள், "தரையில உக்காராதக்கா, சில்லுனு ஏறும்" என்று ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டாள். மினுக்கி அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் முதலாளியிடம் மறுநாளுக்கு லீவு கேட்டாள்.

காலையில் அலமாரியின் அடியிலிருந்து பழைய பவுடர் டப்பாவை எடுத்தாள். பழையபடியே இருந்திருக்கலாம் என்று சொன்னானே. லிப்ஸ்டிக் காய்ந்திருந்தது, தேய்த்துத் தேய்த்துப் போட்டாள். பஸ்ஸில் ஏறிச் சீட்டு வாங்கினாள். சிறை வாசலில் முதல் ஆளாக நின்று, போர்வைக்குப் பணம் கட்டினாள். அதில் வரி எவ்வளவு என்று ரசீதில் தனியாகப் போட்டிருந்தது. ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வலைக்கு அந்தப் பக்கம் வந்தவன் இந்த முறை அவளைத் தேடவில்லை. நேரே பார்த்தான். இளைத்திருந்தான். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீயுமா அக்கா?"

"என்னடா நீயுமா? உனக்காகத்தான். போர்வைக்குப் பணம் கட்டியிருக்கேன், இப்பக் கொண்டுவந்து குடுப்பாங்க."

"இங்க இதே கேஸ்ல உள்ள வந்தவங்க எல்லாரும் அந்தக் கடையில வாங்கிட்டாங்க. என்னையும் வாங்கச் சொன்னாங்க. நான் உன்னைத்தான் சொன்னேன்." இருமல் வந்து பேச்சை முறித்தது. "என் அக்கா டீயக்கூட விட்டுட்டா, அவளால முடியுது, என்னால முடியாதான்னு சொன்னேன்."

"டேய், நான் அன்னைக்கு விளையாட்டுக்குச் சொன்னேன்டா."

"நான் விளையாட்டுக்கு இருக்கல."

"வாங்கிக்கோடா. என் தலையில அடிச்சுச் சொல்றேன், வாங்கிக்கோ. உன் பிரசுரத்துல நாலாவதா நான் எழுதிக்கிறேன்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பும் இருமலில் போய் முடிந்தது. மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் காவலர் போர்வையைக் கொண்டுவந்து வாசல் மேஜைமேல் வைத்தார்.

"வேண்டாங்கிறாரும்மா."

"கட்டாயப்படுத்திக் குடுங்க சார்."

"போர்வையப் போயி எப்படிம்மா கட்டாயப்படுத்துறது? அப்படி ஒரு சட்டமும் இல்லையே." அவர் நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் சொன்னார். விற்ற பொருளைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளாது. அவன் பெயரை எழுதி ஒட்டி அலுவலக அலமாரியில் வைத்தார்கள். மனசு மாறினால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த வீட்டில் யாருக்கு மனசு மாறியிருக்கிறது?

அடுத்த முறைக்கு முன்பே சிறையிலிருந்து ஆள் வந்து சொன்னான். நெஞ்சுச் சளி, சிறை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், எல்லா மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். அவள் போனபோது தலையிலிருந்து கால்வரை ஒரு போர்வை போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். அதே சாம்பல் நிறம். அது அரசாங்கத்தின் கணக்கில் வருவது, அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை என்று குமாஸ்தா சொன்னார். சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து அவன் பெயர் ஒட்டிய பொட்டலத்தையும் கைதான அன்று அவன் போட்டிருந்த சட்டையையும் எடுத்து, ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

எல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து முதலாளி அவளை மறுபடி முன் கவுண்டருக்குக் கூப்பிட்டார். கிடங்கில் அவள் யாரோடும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டு இரக்கப்பட்டார் என்கிறார்கள். அவள் இல்லாமல் விற்பனை குறைந்தது என்றும் சொல்கிறார்கள். அவள் மறுக்கவில்லை. இன்றும் அங்கேதான் நிற்கிறாள். கேட்ட நிறத்தை எடுத்துப் புறங்கையில் கோடு இழுத்து, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுகிறாள். முகம் மட்டும் கழுவித் துடைத்தபடி இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு, இவளை ஏன் மினுக்கி என்கிறார்கள் என்று புரிவதில்லை.

போன வாரம், கல்யாணத்துக்கு நிறம் பார்க்க வந்த பெண் ஒருத்தி இவளுடைய கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ்வளவு அழகா எடுத்துக் குடுக்கிறீங்களே, நீங்க ஏன்க்கா போட்டுக்கிறதில்ல?"

மினுக்கி கையிலிருந்த கோட்டைத் துணியால் துடைத்தாள்.

"என் தம்பிக்குப் பிடிக்காதும்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிறத்தைத் திறந்தாள்.