கோடு போட்ட பக்கத்தையும் டைப் செய்த ஜெபமணி அக்கா

ஜெபமணி அக்கா இறந்துவிட்டார். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டி.டி.பி. கடை வைத்திருந்தாரே, அவர்தான். மற்ற கடைகளில் தீசிஸை டைப் செய்து கொடுப்பார்கள். அக்கா படித்துவிட்டுச் சண்டைக்கும் வருவார்...

என்னுடையது அரசியல் அறிவியல். பெண் தலைவர் இருக்கிற ஊராட்சியில் கிராம சபைக்குக் கூட்டம் நிறைய வரும் என்பது என் ஹைப்பாதிசிஸ்.

ஐந்து ஊருக்குப் போனேன். ஐந்திலும் பெண் தலைவர். நாலில் நல்ல கூட்டம், ஐந்தாவதில் ஈ ஆடியது.

சத்தம் காட்டாமல் அந்த ஊர்ப் பக்கங்களில் மட்டும் குறுக்கே கோடு போட்டு, கட்டோடு அக்காவிடம் கொடுத்தேன்.

"ஏலே, இந்த ஊருக்கு ஏன் கோடு போட்டுருக்க?"

"அது ஒத்து வரலக்கா."

"ஒத்து வரலன்னா தூக்கிருவியா? அப்ப எதுக்குலே ஊர் ஊரா அலைஞ்ச? வீட்டுலயே உக்காந்து எழுதிருக்கலாம்ல!"

தீசிஸ் கொடுக்க மூன்று வாரம்தான் இருந்தது. வேறு கடைக்குப் போகிறேன் என்று கோபமாகக் கிளம்பினேன்.

"போ. அங்க படிக்காமலே டைப் பண்ணித் தருவாக" என்றார். தெருமுனை வரைக்கும்தான் போனேன், திரும்பிவிட்டேன்.

அந்த வாரமே கிராம சபை நாள். அக்கா கடையைப் பூட்டிவிட்டு என் பைக்கில் ஏறிவிட்டார்.

ஐந்தாவது ஊரில் எங்களையும் சேர்த்துப் பதினோரு பேர். குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டோம்.

"கூட்டமா? இன்னிக்கா? யாரும் சொல்லலையே!"

மற்ற நாலு ஊரிலும் முந்தின நாளே கூட்டத்தை அறிவித்துக்கொண்டு மைக் ஆட்டோ தெருத்தெருவாகப் போயிருந்தது. இங்கே நோட்டீஸ் ஒட்டியதோடு சரி.

எனக்கு அது போதும். அக்காவுக்குப் போதவில்லை.

"ஆம்பளத் தலைவரா இருக்கணும், ஆட்டோவும் போயிருக்கணும். அப்படி ஒரு ஊரையும் பாத்தாத்தான் நெசம் தெரியும். வண்டிய எடு!"

சோழபுரம் பக்கம் அப்படி ஒரு ஊர் கிடைத்தது. பந்தலைத் தாண்டி வெயிலில் நின்றது கூட்டம்.

அக்கா உற்சாகத்தில் மைக்கை வாங்கி, தெருவிளக்கு எரியவில்லை என்று பேச ஆரம்பித்துவிட்டார். "நீங்க எந்தத் தெரும்மா?" என்று தலைவர் கேட்க, "நான் மம்சாபுரம்" என்றாரே பார்க்கலாம்... மொத்தக் கூட்டமும் சிரித்தது.

"கூட்டத்தக் கூட்டுறது தலைவர் இல்லலே, ஆட்டோதான்" என்றார் அக்கா. என் மூன்று வருட ஹைப்பாதிசிஸ் ஒரே நாளில் காலி. "நிரூபிக்கப்படவில்லை" என்ற வரியை அக்கா என்னைக் கேட்காமலே போல்டில் போட்டார்.

வைவாவில் தேர்வாளர்கள் பாராட்டியது அந்த அத்தியாயத்தை மட்டும்தான்.

இன்று காலை அக்காவின் ஊரான மம்சாபுரத்தில் அவருடைய சாவுச் செய்தியைச் சொல்லிக்கொண்டு மைக் ஆட்டோ போனது. சர்ச் கொள்ளாத கூட்டம்.

கடைசியிலும் நீங்கள் சொன்னதுதான் ஜெயித்தது அக்கா என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் ராஜபாளையத்துக்காரர். சும்மா கேட்டு வைத்தேன்.

"அங்கயும் ஆட்டோ வந்துச்சாண்ணே?"

"எந்த ஆட்டோ? அக்கா போயிட்டாகன்னு காதுல விழுந்துச்சு, வந்துட்டேன்."

இன்னும் நாலைந்து பேரிடம் கேட்டேன். எல்லோரும் வெளியூர். ஒருத்தர் ஊருக்கும் ஆட்டோ போகவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது...

உங்கள் ஹைப்பாதிசிஸும் நிரூபிக்கப்படவில்லை அக்கா. இதை நானே போல்டில் போட்டுக்கொள்கிறேன். போய் வாருங்கள்.