மாடிப்படி இயேசு

தாராவியில் எங்கள் கட்டடத்து மாடிப்படி மூலையில் யாரும் பான் துப்பாமலிருக்க, இயேசு படம் போட்ட டைல்ஸ் ஒட்டினார்கள். கடவுளை வாட்ச்மேனாக்கிய புத்தி! படுபாவிகள், அதன்மேலும் துப்பினார்கள்.

மூன்றாம் மாடி அக்கா தினமும் மாதா கோயிலுக்குப் புறப்படுமுன் அந்த முகத்தைத் துடைப்பார். காய்த்துப்போன கை, பிள்ளைக்குத் துடைப்பதுபோல் பதமாக நகரும். கறை படியும் என்று தெரிந்தும் வெள்ளைத் துணிதான் எடுத்து வருவார்.

ஒருநாள் பொறுக்காமல் கத்தினேன். “கண்டவன் துப்புனத நீங்க எதுக்குக்கா தொடைக்குதிய? அந்த டைல்ஸைப் பேத்து எறிங்க!”

“அவரு சிலுவை சுமந்த அன்னைக்கும் மொகத்துல துப்பத்தான செஞ்சானுவ, தம்பி. தொடைக்க ஒருத்தி துணியோட வந்தாள்லா?”

துப்பியவர்கள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அந்த முகத்தைத் தாண்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு தினமும் ஏறி இறங்கிய என்மேலும்தான்.