எங்கள் கேட்டில் ஒரு கண்ணீர் அஞ்சலி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பால் வாங்கக் கீழே இறங்கினேன். ஃப்ளாட்ஸ் கேட்டில் ஒரு பேனர். கறுப்பு பார்டர். 'கண்ணீர் அஞ்சலி – செல்வன் சேது.' நடுவில் கோடு போட்ட சட்டையில் ஒரு பையன். போட்டோ இல்லை, ஓவியம்.

யார் இந்தச் சேது?

கேட் அருகே ஏற்கெனவே கூட்டம். பட்டாபிராமில் ஞாயிறு காலை இத்தனை பேரை ஒன்றாகப் பார்ப்பது தண்ணி லாரி வரும்போதுதான். "பி பிளாக் பையன்" என்றார் ஒருவர். "சேச்சே, சி பிளாக். பார்க்கிங்ல சைக்கிள் ஓட்டுவானே!" என்றார் இன்னொருவர். "லிஃப்ட்ல பார்த்தா குட்மார்னிங் சொல்லுவான்... தங்கமான புள்ள" என்று கீழ் வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நானும் உச்சுக் கொட்டினேன். கொட்டிக்கொண்டே பேனரின் அடிப்பக்கம் பார்த்தேன். 'கண்ணீருடன்: ஆதிரை, ரிஸ்வானா.'

ஆதிரை வேறு யாருமில்லை... நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள். ரிஸ்வானா எதிர் வீட்டுத் தோழி. அப்படியானால் சேது... ஐயோ! அவன் நாவலில் வரும் பையனாயிற்றே!

விஷயம் இதுதான். ஸ்கூல் லைப்ரரியிலிருந்து ஆதிரை ஒரு சிறுவர் நாவல் எடுத்து வந்திருந்தாள். சேதுவும் அமுதாவும் நண்பர்கள். ஏரிக்கரையில் துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு ரயில் பெட்டியை, நிலாவுக்குப் போகும் எக்ஸ்பிரஸ் ஆக்கிவிடுகிறார்கள். தினமும் பயணம், தினமும் கும்மாளம். திடீரென்று ஒருநாள் காய்ச்சலில் சேது இறந்துபோகிறான்.

அதோடு புத்தகத்தை மூடிவிட்டாள் ஆதிரை. கடைசி அத்தியாயம் பாக்கி. தொடவே மாட்டாளாம். விளையாடப் போவதில்லை, சாப்பாடும் சரியாக இறங்குவதில்லை. எனக்குக் கவலையாகிவிட்டது. "வெறும் கதைதானேடா குட்டி" என்றார் என் கணவர். அவ்வளவுதான்... அப்பாவோடு பேச்சும் நின்றுபோனது.

சரி, பேனர் எப்படி வந்தது? ரிஸ்வானாவின் அத்தா மெயின் ரோட்டில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி – எதையும் படித்துப் பார்க்காமலே பிரிண்ட் போடுகிற மனிதர். மகள் கேட்டாள், போட்டுக் கொடுத்துவிட்டார்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கையில் ரோஜா மாலையோடு முரளி வந்துவிட்டார். எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி. பார்க்கிங்கில் ஒரு டயர் கோட்டைத் தாண்டி நின்றால் வாட்ஸப் குரூப்பையே அதிரவைப்பவர். கேட்டில் யார் பேனர் கட்டினாலும் கிழித்தெறிபவர். சாவு என்பதால் விட்டுவைத்திருக்கிறார்.

மாலை போடக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னா மேடம் இது? தோற்றம் பக்கம் 3, மறைவு பக்கம் 112-ன்னு போட்டுகீது?"

சொன்னேன். வேறு வழி? 'குட்மார்னிங்' அம்மா மெல்ல நழுவினார். அப்போதுதான் இறங்கி வந்திருந்த ஆதிரை பேனரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பேனர் போச்சு என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

முரளி மாலையைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார்.

"வாங்குன மாலைய திருப்பியா எடுத்துகினு போவேன்?" மாலையைப் போட்டுவிட்டு அவள் பக்கம் குனிந்தார். "பையன் எப்டிம்மா... நல்ல பையனா?"

சாவு வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் இத்தனை நாளில் நாங்கள் யாருமே அவளிடம் கேட்கவில்லை!

ஆதிரை ஆரம்பித்தாள்... டிக்கெட் எடுக்காத தவளையைச் சேது இறக்கிவிட்டது, பாவம் பார்த்து உடனே ஏற்றிக்கொண்டது, அமுதாவுக்குப் பயம் வந்தால் துண்டை வீசி இருட்டை விரட்டியது... சொல்லும்போதே அழுதாள். சொல்லும்போதே சிரித்தாள். கூட்டமும் சிரித்தது. துக்க வீடாயிற்றே என்று ரிஸ்வானாவின் அம்மா ஃப்ளாஸ்க்கில் டீ கொண்டுவந்தார். பிள்ளைகள் பக்கெட்டைக் கவிழ்த்துத் தட்ட, முரளி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குத்து குத்தினார் பாருங்கள்! என் கணவரும் ஆடினார். மகளோடு சமாதானம் பேச அவருக்குக் கிடைத்த வழி அது.

துக்கம் விசாரிக்க வேண்டுமென்றால், இறந்தவர் நிஜமாகவே பிறந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

மூச்சு வாங்க வந்து நின்றார் முரளி. "அது சரி பாப்பா... அந்த அமுதாப் பொண்ணு இப்ப எப்டி கீது? ஒண்டியாவா கீது?"

ஆதிரை விழித்தாள். அது கடைசி அத்தியாயத்தில் அல்லவா இருக்கிறது!

"இருங்க அங்கிள், பார்த்துட்டு வந்து சொல்றேன்." படியேறி ஒரே ஓட்டம்.

மதியம் வரைகூட அவருக்குப் பொறுக்கவில்லை. காலிங் பெல் அடித்தது. "இன்னா மேடம், பட்ச்சி முட்ச்சிட்டாளா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நல்லா இருக்கா அங்கிள்! இப்ப அவளே ரயில ஓட்டறா. புதுசா நிறையப் பசங்க ஏறிட்டாங்க!"

முரளி முகத்தில் அப்படியொரு நிம்மதி. "எனக்கும் ஒரு சீட்டு போட்டு வெக்கச் சொல்லும்மா!"

ஜன்னலோரமாக வேண்டுமாம்.