குறிலா, நெடிலா?

1. வராந்தாவில் பதினொரு பெட்டி

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் டைப்பிஸ்ட் வேலை. முதலில் டைப்ரைட்டர், பிறகு கம்பியூட்டர். ஒருநாள் காலையில் தோட்ட மேனேஜர், எங்கள் துரை, போன் பண்ணினார்.

"பிலோமினா மிஸ், சின்னத்துரை பங்களாவ வாடகைக்கு விட்டிருக்கோம்ல, அங்க ஒரு ஜெர்மன்காரர் வந்திருக்காரு. மூணு மாசம் இருப்பாரு. புத்தகம் எழுதுறாராம். கண்ணு சரியில்ல, டைப் பண்ண ஆள் கேக்குறாரு. நீங்க போறீங்களா?"

"என்ன புத்தகம் சேர்?"

"அதுதான் எனக்கு வெளங்கல. ஈரான் பக்கத்துப் பழைய பாஷையாம். இப்ப யாரும் பேசுறதில்லையாம்."

யாரும் பேசாத பாஷையை எப்படி டைப் பண்ணுவது என்று பார்க்கத்தான் போனேன்.

வராந்தா மேசையில் காலுக்குப் போடும் சப்பாத்து வந்த பெட்டிகள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் சின்ன அட்டைகள் நெருக்கி அடுக்கியிருந்தன. நாற்காலியில் இருந்த உயரமான மனிதருக்கு எண்பதை நெருங்கிய வயது. பேர் டீட்டர். என்னிடம் பேசும்போது என் காதுக்குப் பக்கத்தில் உள்ள சுவரைப் பார்த்தார். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

"கோவிக்காதீங்க. என் கண்ணுக்கு நடுவுல இருட்டு. ஓரத்துலதான் தெரியும். உங்க முகத்தப் பாக்கணும்னா நான் வேற பக்கம் பாக்கணும்."

ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். ஆங்கில எழுத்துகள்தான், ஆனால் சிலவற்றுக்கு மேலே கோடு, சிலவற்றுக்குக் கீழே புள்ளி, கொக்கி.

"இது என்ன சொல்லுன்னு கேக்கல. கண்ணுக்கு என்ன தெரியுதோ அத மட்டும் சொல்லுங்க."

ஒவ்வொரு எழுத்தாக, கோடு புள்ளி விடாமல் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"இந்தப் பாஷை தெரிஞ்ச என் மாணவங்க நாலு பேரு இந்த அட்டையத் தப்பா வாசிச்சாங்க. நாளைக்கே வாங்க."

2. ஹப்த, ஹத

வேலை கடினமில்லை. அவர் சொல்லச் சொல்ல டைப் பண்ணுவேன். அட்டையில் உள்ளதை அப்படியே ஏற்றுவேன். பழைய கைப்பிரதியின் எழுத்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தார். வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து அது. ஒரு மாதத்தில் அவற்றின் உருவம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. பொருள்தான் தெரியாது.

எனக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. ஒருநாள் கேட்டேன். "இது சமஸ்கிருதம் மாதிரியே இருக்கே சேர்?"

"ரெண்டும் ஒரு தாய் பிள்ளைங்க. இந்தியாவுக்கு வந்தவங்க ஏழுக்கு 'சப்த'ன்னாங்க. ஈரான் பக்கம் போனவங்க 'ஹப்த'ன்னாங்க. ஸ வர்ற எடத்துல இவங்களுக்கு ஹ வரும்."

"சிங்களத்துலயும் ஏழுக்கு 'ஹத' தானே!"

அவர் மேசையில் ஓங்கி அடித்தார். தேநீர்க் கோப்பை ஆடியது. சமையல்காரர் சுகதபாலவை உள்ளேயிருந்து கூப்பிட்டு, சிங்களத்தில் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணச் சொன்னார். சுகதபால கையில் கரண்டியோடு நின்று பள்ளிக்கூடப் பிள்ளை போல எண்ணினார். சிங்களத்தில் அந்த மாற்றம் வேறு காலத்தில் தனியாக நடந்தது என்று டீட்டர் பிறகு எனக்கு விளக்கினார். அப்படியும் அன்று முழுக்க அவருக்குச் சந்தோஷம்.

அவருடைய கதையும் இப்படித் துண்டு துண்டாகத்தான் வந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு பிறந்தவர். அப்பாவுக்கு ரயில்வேயில் பாதை மாற்றும் வேலை. மகனும் ரயில்வேக்கு வரவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. இவரோ பதினாறு வயதில் நூலகத்தில் ஒரு சமஸ்கிருத இலக்கணத்தைத் தற்செயலாகத் திறந்து, மூட மனமில்லாமல் போனவர். பல்கலைக்கழகத்தில் அந்தப் பழைய ஈரானிய பாஷைக்கு ஒரே ஆசிரியர், ஒரே மாணவர். குளிர்காலத்தில் வகுப்பறை உறைந்துவிடும் என்பதால் ஆசிரியர் வீட்டுச் சமையலறையில்தான் பாடம். ஆசிரியரின் மகள் அதே மேசையின் மறுமுனையில் இருந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதுவாளாம்.

பிறகு ஈரானில் ஒரு பாலைவன ஊருக்குப் போனார். அங்கே நெருப்பு அணையாமல் காக்கும் ஒரு பூசாரியின் வீட்டில் ஆறு வாரம் தங்கினார். நெருப்பின் மேல் மூச்சுப்படக் கூடாது என்று அந்தப் பூசாரி வாயைத் துணியால் மூடிக்கொண்டு விறகு வைப்பாராம். அவரிடம் ஒரு பழைய கைப்பிரதி இருந்தது. ஒருநாளைக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் அதைப் பார்க்கலாம். இவர் அட்டையில் நகல் எடுத்தார். கடைசி நாளில் படமும் பிடித்தார்.

3. ஒரு வால்

அந்தப் பிரதியில் நெருப்புக்கு விறகு கொண்டுவருவது பற்றி ஒரு வரி. அதில் ஒரு வினைச்சொல். நடுவில் உள்ள அகரம் குறிலானால் "கொண்டுவந்தான்". நெடிலானால் "கொண்டுவரட்டும்". எழுத்தில் வித்தியாசம் சின்னது. குறிலோடு ஒரு வால் சேர்ந்தால் நெடில்.

"என் ஆசிரியர் வேற பிரதிகளப் பாத்து குறில்னாரு. நடந்து முடிஞ்ச கதையச் சொல்ற வரின்னாரு. நான் இந்தப் பிரதியில நெடில் இருக்குன்னேன். இது கதையில்ல, வேண்டுதல்னேன். இதான் எல்லாத்துக்கும் பழைய பிரதி."

"அவரு ஒத்துக்கிட்டாரா?"

"பெரிய கூட்டம். எல்லாருக்கும் முன்னால எழும்பிச் சொன்னேன். எனக்கு அப்ப முப்பத்திரெண்டு வயசு. அவரு ஒன்னுதான் கேட்டாரு. 'நல்லாப் பாத்தியா?' நான் சிரிச்சேன். கூட்டமும் சிரிச்சிருச்சு. அதுக்குப் பெறகு அவரு என்னோட பேசல. நானும் போகல. அவரு செத்த வீட்டுக்கும் போகல."

அந்தக் கட்டுரைதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. இப்போது எழுதும் புத்தகத்தின் நடு அத்தியாயமும் அதுதான்.

மூன்றாவது மாதத் தொடக்கத்தில் படங்களை ஒழுங்குபடுத்தும் வேலை வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே வரி எண் போடவேண்டும். நகல் எடுத்தால் மூலத்தோடு விரல் வைத்து ஒப்பிடுவது என் ஆபீஸ் பழக்கம். இங்கேயும் கை தானாக அதைச் செய்தது. ஆறாவது வரியில் விரல் நின்றது. அட்டையில் நெடிலைக் காட்டும் மேல்கோடு இருந்தது. படத்தில் வால் இல்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மங்கல் இல்லை, கிழிசல் இல்லை. அதே பக்கத்தில் மற்ற நெடில்களைத் தேடினேன். ஒன்பது இருந்தன. ஒன்பதுக்கும் வால் தெளிவாக இருந்தது. எழுதியவர் வாலை மறக்கிற ஆள் இல்லை.

டீட்டர் வராந்தா ஓரத்தில் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அவரால் இனி அந்தப் படத்தைப் பார்க்கவே முடியாது.

எனக்கு மலரின் ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு குழந்தையின் பிறப்புப் பதிவுக் கடிதத்தில் பெரிய கிளாக்கர் "மலர்" என்ற பேரை ஆங்கிலத்தில் கடைசி எழுத்து இல்லாமல் எழுதிவிட்டார். நான் கண்டேன். பெரியவர் எழுதியது, சரியாகத்தான் இருக்கும் என்று பேசாமல் டைப் பண்ணினேன். அந்தப் பிள்ளை வளர்ந்து அடையாள அட்டைக்குப் போனபோது ஒரு பத்திரத்தில் ஒரு பேர், இன்னொன்றில் வேறு பேர். கேகாலைக்கும் கொழும்புக்கும் ஒரு வருஷம் அலைந்தாள். நர்சிங் படிப்புக்குக் கிடைத்த இடம் அதற்குள் போய்விட்டது.

எழும்பிப் போய்ச் சொன்னேன். "சேர், ஆறாவது வரி படத்துல வால் இல்ல."

அவர் திரும்பவில்லை. "வேற வரியப் பாக்குறீங்க."

"இல்ல சேர். ஆறுதான்."

"மை மங்கியிருக்கும்."

"மங்கல சேர். அந்தப் பக்கத்துல ஒன்பது நெடில் இருக்கு. எல்லாத்துக்கும் வால் இருக்கு. இதுக்கு மட்டும் இல்ல."

"உங்களுக்கு இந்தப் பாஷை தெரியாது!" குரல் உயர்ந்தது. அவர் சத்தம் போட்டு அன்றுதான் கேட்டேன்.

"தெரியாதுங்க சேர். கண்ணுக்குத் தெரியுறதத்தான் சொல்றேன்."

பிறகு, படத்தில் உள்ளதை உள்ளபடி பெரிதாக வரையச் சொன்னார். ஒரு முழுத் தாளில் கறுப்புப் பேனாவால் அந்தச் சொல்லை வரைந்தேன். தாளைக் கண்ணின் ஓரத்துக்குக் கொண்டுபோய், மெல்ல நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார்.

4. இரண்டு கடிதங்கள்

இரண்டு நாள் என்னைக் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் சுகதபால நான் குடியிருந்த லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார். "மிஸ், மாத்தயா கன்னே நே. சும்மா குந்திக்கிட்டு இருக்காரு. நீங்க வாங்க." ஐயா சாப்பிடுவதில்லை என்று கேட்டதும் கூடவே போனேன்.

டீட்டர் சவரம் செய்யாத முகத்தோடு இருந்தார். "ஈரான்ல கடைசி வாரம் எனக்குக் காய்ச்சல். ஒரு மணித்தியாலத்துல நாலு பக்கம் எழுதுனேன். நெடிலா இருக்கணும்னு ஆசப்பட்டேன், நெடில்னு எழுதிட்டேன். படம் வந்தப்ப எடுத்துப் பாக்கவே இல்ல. என் அட்டைய நான் எதுக்குச் சரிபாக்கணும்?"

அன்று முதலில் எழுதியது புத்தகம் இல்லை, ஆசிரியரின் மகளுக்குக் கடிதம். ஜெர்மன் எனக்குத் தெரியாது. எழுத்தெழுத்தாகச் சொன்னார், எழுத்தெழுத்தாக டைப் பண்ணினேன். ஒரு பக்கத்துக்குக் காலை முழுவதும் போனது. என்ன எழுதினோம் என்று கேட்டேன். "'உங்க அப்பா சொன்னதுதான் சரி. நான் நல்லாப் பாக்கல'ன்னு."

பத்து நாளில் ஈமெயிலில் பதில் வந்தது. அதையும் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த மாதிரி ஒவ்வொரு சொல்லாக உச்சரித்தேன். சில சொல்லைத் திருத்தினார். நடுவில் ஒரு வாக்கியத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டார்.

"சேர், என்ன எழுதியிருக்காங்க?"

"அப்பா கடைசிக் காலத்துல தன் புத்தகத்த எடுத்து அந்த வரியத் திருத்தினாராம். பென்சிலால வால் போட்டாராம். 'டீட்டர் சொன்னதுதான் சரி, அவன் பிரதியப் பாத்தவன்'னு மககிட்ட சொன்னாராம்." கொஞ்சம் நிறுத்தினார். "என்னைய நம்பி, சரியா இருந்தத அழிச்சிட்டாரு."

சுகதபால தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அது ஆறியபின் டீட்டர் நிமிர்ந்து, "நடு அத்தியாயத்தைத் திறங்க" என்றார். அறுபத்திரண்டு பக்கத்தையும் நீக்கச் சொன்னார். நீக்கினேன். மிச்சமிருந்த நாளில் புதிதாகப் பத்தொன்பது பக்கம் சொன்னார். அதன் கடைசி வாக்கியத்தை ஒரே மூச்சில் சொன்னார்: "ஆசிரியரே கைவிட்ட பிறகும், ஆசிரியரின் வாசிப்பே சரி."

ஆபீஸில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னிடம் அனுபவம் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கண்ணில் பட்ட பிழையை அன்றைக்கே சொல்லுங்கள். எழுதியவர் துரையோ புரொபெசரோ, தயங்க வேண்டாம். திட்டு வாங்கினால் ஒரு நாளில் மறந்துபோகும். டீட்டருக்கு உண்மை தெரிந்தபோது அதைக் கேட்க வேண்டிய மனிதர் மண்ணுக்குள் இருந்தார்.