நிலாவின் நடுவில் அழுக்கு

என் அக்காவுக்கு அழுக்கு என்றாலே ஆகாது. பல் செட் செய்யும் லேபில் வேலை. மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கினால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். அவளுடைய ஒரே ஆடம்பரம் ஒரு டெலஸ்கோப். பொழுது சாய்ந்ததும் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் அதை நிறுத்துவாள். உடனே நாங்கள் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட வேண்டும். இருட்டில் வெங்காயம் நறுக்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

போன வருஷம் ஒருநாள், நிலாவின் நடுவில் கறை தெரிகிறது என்றாள். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸைச் சுழற்றிப் பார்த்தாள். கறையும் கூடவே சுழன்றால் அழுக்கு லென்ஸில் இருக்கிறது என்று அர்த்தம். சுழலவில்லை. குழாயின் அடியில் இருக்கும் பெரிய கண்ணாடியைக் கழற்றி, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் தொட்டியில் வைத்துக் கழுவினாள். கறை போகவில்லை. கேமராவை மாட்டிப் படம் எடுத்தாள். படத்திலும் இருக்கிறது என்றாள்.

பழி என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது.

"மழை வந்துச்சுன்னு உள்ள தூக்கி வச்சேன். அவ்வளவுதான்," என்றார் அவர்.

"அப்ப கண்ணாடியில விரல் பட்டிருக்கு."

அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று முணுமுணுத்தார். அக்காவுக்குப் பாம்புக் காது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சாப்பாட்டு மேஜையில் ஒருவருக்கு உப்பு வேண்டும் என்றாலும் நான்தான் தூது. மாதக்கணக்கில் இந்தக் கூத்து. எனக்கு வந்த எரிச்சலில் அந்தக் குழாயைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாமா என்று கூட நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டாள்.

"பாரு. உன் வீட்டுக்காரர் விரல்."

பார்த்தேன். பளிங்கு மாதிரி நிலா.

"எங்கக்கா?"

"நடுவுல. உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

திட்டலாம் என்று திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். டெலஸ்கோப் பழக்கத்தில் அவள் இடது கண்ணை மூடிக்கொண்டுதான் படத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கண்ணைத் திறந்து பாருக்கா."

திறந்தாள். மறுபடி மூடினாள். பிறகு ஒற்றை வலது கண்ணோடு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"உன் மூஞ்சியிலயும் இருக்குடி," என்றாள்.

வலது கண் விழித்திரையின் நடுவில் ஓட்டை என்றார் கண் டாக்டர். "இவ்வளவு நாள் எப்படிம்மா தெரியாம இருந்துச்சு?"

"மங்கலா இருக்கிறதை நாங்க நேரா பார்க்க மாட்டோம் டாக்டர். கொஞ்சம் ஓரமா பார்த்தாத்தான் தெரியும். வானம் பார்க்கிறவங்க எல்லாருக்கும் அது பழக்கம். அப்படியே சமாளிச்சுட்டேன்."

முன்பே வந்திருந்தால் பார்வை திரும்பியிருக்கும், இப்போது ஆபரேஷன் செய்து ஓட்டையை அடைக்கலாம், பார்வைக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் அவர். மற்றவர்களுக்குக் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இவளோ கண் கெடக் கெடக் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆபரேஷன் முடிந்ததும் ஒரு வாரம் குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்றார்கள். வானத்தைப் பார்த்து வாழ்ந்தவள் தரையைப் பார்த்துக் கிடந்தாள். விதியின் மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? என் வீட்டுக்காரர் வந்து, கட்டில் விளிம்பில் தொங்கிய அவள் முகத்துக்குக் கீழே, வெறும் தரையில் மல்லாந்து படுத்தார்.

"அக்கா, நான் தொடலை."

"தெரியும் தம்பி. என்னை மன்னிச்சிடுங்க." அவள் கண்ணீர் அவர் சட்டையில் சொட்டியது.

கண் ஆறி, டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, ஒரு சாயங்காலம் அவரே டெலஸ்கோப்பைத் தூக்கி வெளியே வைத்தார். பிறை நன்றாகத் தெரிந்தது. அக்கா குனிந்து வெகு நேரம் பார்த்தாள்.

"அந்தக் கறை?" என்று கேட்டார் அவர்.

"போயிடுச்சு தம்பி. சுத்தமா இருக்கு."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. காபி போடுகிறேன் என்று உள்ளே ஓடினார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அடுப்பைப் பற்றவைப்பது அதுதான் முதல் தடவை.

நான் அவளுக்கு வலப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். வலது கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.