மிரேசர் என்றொரு பெயர்

1956 கார்த்திகையில், நாகபட்டினத்திலிருந்து கூரை ஓடு ஏற்றி வந்த தோணி புயலில் உடைந்துபோனது. பருத்தித்துறைப் பஞ்சலிங்கம் முறிந்த பாய்மரத்தைப் பிடித்தபடி இரண்டு நாள் கடலில் கிடந்தார். அவ்வழியால் போன யூகோஸ்லாவியச் சரக்குக் கப்பலிலிருந்து ஒருவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்து அவரைத் தூக்கினான். கொழும்பில் இறக்கிவிடும்போது சிகரெட் பெட்டியைக் கிழித்து, தன் பெயரையும் கப்பலின் பெயரையும் ரியேக்கா என்ற துறைமுகத்தையும் எழுதிக் கொடுத்தான்.

அடுத்த வருடம் பிறந்த மகனுக்குப் பஞ்சலிங்கம் அந்த மாலுமியின் பெயரையே வைத்தார்: மிரேசர்.

பள்ளிக்கூடத்தில் பெடியள் அவனை 'மிரண்டார்' என்று கூப்பிட்டார்கள். ஒரு வாத்தியார், எழுத்துப் பிழையாக்கும் என்று 'மகேசர்' எனத் திருத்தினார். அவனுக்கு அன்று சரியான சந்தோஷம். மறுநாளே தகப்பன் போய்ப் பழையபடி எழுதுவித்துவிட்டு வந்தார். பதினாறு வயதில், சோதனைக்கு விண்ணப்பிக்கும்போது, பெயரை மாற்றும் படிவத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான்.

"மாத்திறதெண்டால் மாத்து," என்று கையெழுத்துப் போட்டார் பஞ்சலிங்கம். "ஆனால் அண்டைக்கு அவன் குதிக்காட்டில், நீயே இல்லை."

படிவம் பெட்டிக்குள் கிடந்து மஞ்சளாகிப் போனது. பிடிக்காத பெயரோடேயே சோதனை எழுதி, அச்சுவேலித் தபாற்கந்தோரில் வேலைக்கும் சேர்ந்தான்.

அங்கே நாள் முழுக்க ஊர் ஊராக விலாசங்களைப் பார்த்ததில் ஒரு யோசனை வந்தது. 1979இல், தகப்பனைத் தூக்கிய அந்த மாலுமியைத் தேடி, ரியேக்காத் துறைமுக அதிகாரிக்கு என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போட்டான். பதினொரு மாதம் ஒரு பதிலுமில்லை. பிறகு ஒருநாள், கட்டவிழ்த்த தபாலுக்குள் அவன் பெயருக்கே ஒரு கடிதம் இருந்தது.

பின்னேரம் வீட்டுக்கு வந்து தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தான்.

"ஆளுக்குச் சுகமோ?" என்று இடைமறித்தார் பஞ்சலிங்கம்.

"ஓம் ஐயா, சுகமாம். மகள்தான் எழுதியிருக்கிறா. ஆளின்ரை பேர் ஆன்ரே. மிரேசர் எண்டது குடும்பப் பேராம். அவையின்ரை பாஷையிலை 'மிரேசா' எண்டால் வலையாம். பரம்பரையா வலை கட்டின ஆக்களாம்."

"வலையோ? அப்ப எங்கடை ஆக்கள்தான்!"

"அந்தப் பேர் அவையின்ரை தீவிலை மூண்டு வீட்டிலைதானாம் இருக்கு. வேறை எங்கையும் இருக்கிறதா அவைக்குத் தெரியாதாம். ஆன்ரேக்கும் மூண்டும் பொம்பிளைப் பிள்ளையள். பேர் தன்னோடை முடியுது எண்டு இருந்த மனுஷன், உங்கடை கதையைக் கேட்டிட்டு வீடு வீடாப் போய்ச் சொன்னவராம். இன்னொண்டும் கேக்கிறார். 'கடலிலையிருந்து தூக்கேக்கையும் ஒரு செம்பை விடமாட்டன் எண்டு அடம்பிடிச்ச ஆள்தானே?'"

செம்புக் கதையைப் பஞ்சலிங்கம் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது துவாய் ஈரமாயிருந்தது.

கடிதத்தை மிரேசர் மூன்று தரம் வாசித்தான். கடைசித் தரம் தன் பெயரை உரத்துச் சொல்லிப் பார்த்தான்.

1981இல் அவனுக்கு மகள் பிறந்தாள். பதிவுகாரர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "கமலாவதி மிரேசரோ? ஞானஸ்நானப் பேரோ இது? வேதக்காரரோ நீங்கள்?"

"இல்லை. வலை கட்டிற ஆக்கள்," என்றான்.

அன்றே ஆன்ரேக்குக் கடிதம் எழுதினான். பிள்ளையின் பெயரைக் கந்தோர்த் தட்டச்சில் அடித்தபோது, 'மிரேசர்' என்பதில் வரும் 'z' எழுத்தின் தலையில் ஆன்ரே வீட்டார் வைக்கும் சின்னக் கொக்கி அந்த இயந்திரத்தில் இல்லை. பேனையை எடுத்து, அழுத்தமாக அதைப் போட்டான்.